வளவில் பார்த்தீனியம்: பூக்குமுன் பிடுங்குங்கள்

நெல்லியடி, கரவெட்டிப் பக்கத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த வளவின் படலையைத் திறக்கிறீர்கள். முற்றம் முழுக்கப் பச்சை. அதில் கரட் இலை போலப் பிளவுபட்ட இலைகளும் சிறு வெள்ளைப் பூக்களும் கொண்ட செடி நின்றால், அது பெரும்பாலும் பார்த்தீனியம்தான்.

முதலில் பாதுகாப்பு
உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். உறுதியாகும்வரை பற்றையை வெட்டவோ தீ வைக்கவோ வேண்டாம். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் உள்ளே போகாதீர்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பி, உடனே அறிவியுங்கள்.

ஏன் பார்த்தீனியத்தை விட்டுவைக்கக்கூடாது?
அமெரிக்க வெப்பவலயத்துச் செடியான இது, 1980களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் தரக்கூடும். முளைத்து 4 முதல் 8 கிழமைகளுக்குள் பூத்துவிடும். உதிர்ந்த விதை மண்ணில் பல வருடம் உயிரோடிருக்கும். செடி பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்; மகரந்தத்தால் தும்மலும் இழைப்பும் வரும். ஆடு மாடு தின்றால் பால் கசக்கும்.

செய்ய வேண்டியவை
1. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.
2. கையில் கையுறை அல்லது தடித்த பொலித்தீன் பை, நீளக் கைச்சட்டை, மூக்கையும் வாயையும் மூடத் துணி. பிள்ளைகளையும் இழைப்பு நோயுள்ளவர்களையும் இந்த வேலைக்கு விடாதீர்கள்.
3. பூக்காத செடிகளைக் கூட்டெருக் குழியில் போடலாம். பூத்தவற்றை உதறாமல் சாக்கில் கட்டிக் காயவிட்டு எரியுங்கள். புகை படாமல் விலகி நில்லுங்கள்.
4. பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாதீர்கள். கீரை, பயறு, மரவள்ளி போன்றவற்றை நடுங்கள். நடுவதற்கில்லாத இடத்தைத் தென்னோலையால் மூடுங்கள்.
5. மாரி முடியும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை வளவைச் சுற்றிப் பாருங்கள். சித்திரையில் மழை பெய்தாலும் இப்படியே செய்யுங்கள்.
6. லொறியில் வரும் மணல், எரு, வைக்கோலோடு விதையும் வரும். அவற்றைக் கொட்டிய இடத்தில் முளைப்பதைக் கவனியுங்கள்.

கிணற்றை மறவாதீர்கள்
யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில், மேலே தெளிப்பது நிலத்தடி நீரைச் சேரும். ஆலோசனை பெறாமல் களைநாசினி தெளிக்க வேண்டாம். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

பக்கத்து வளவு ஆளில்லாமல் கிடந்தால், விதை வேலி தாண்டி உங்களிடம் வரும். உரியவரின் அனுமதியுடன், அந்தக் காணியும் பாதுகாப்பானதென உறுதிசெய்துகொண்டு, அயலவர்கள் சேர்ந்து ஒரு காலைப்பொழுதில் பிடுங்கிவிடுங்கள். இந்த மாரியில் பூக்கவிடாத ஒவ்வொரு செடியும் அடுத்த மாரியின் வேலையைக் குறைக்கும்.