விண்ணில் ஒரு சரஸ்வதி

மலாக்காவின் பாயா ரும்புட்டை இரவில் விமானத்திலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கடைகளும் தாமான்களும் ஒளிக் கொத்துகளாகத் தெரியும். செங், சுங்கை ஊடாங் பக்கம் செல்லும் சாலைகள் ஒளிக் கோடுகளாக நீளும். இடையிலுள்ள செம்பனைத் தோட்டங்களோ இருண்டு கிடக்கும். ஆங்காங்கே ஓரிரு லயத்து விளக்குகள் மட்டும் மின்னும். பேரண்டத்தின் வரைபடமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது.

ஆனால், அங்கே ஒரு விளக்கு என்பது ஒரு விண்மீன் அன்று. பல கோடி விண்மீன்கள் அடங்கிய ஒரு விண்மீன் மண்டலம். மண்டலங்கள் சேர்ந்து கொத்துகளாகவும், கொத்துகள் சேர்ந்து பெருங்கொத்துகளாகவும் அமைகின்றன. இவற்றை நீண்ட இழைகள் இணைக்கின்றன. இழைகளுக்கு நடுவிலுள்ள இருண்ட பகுதியை நான் ‘பெருவெளி’ என்றே எழுதுகிறேன். ‘வெற்றிடம்’ என்றால் காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்தான் நம் நினைவுக்கு வரும். பெருவெளியிலோ லயத்து விளக்குகளைப் போலச் சில மண்டலங்கள் உண்டு.

விண்மீன் மண்டலத்தின் தூரத்தை எப்படி அளப்பது? பேரண்டம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியிலேயே நீண்டு, சிவப்பு நிறத்தை நோக்கி நகர்கிறது. இதுவே செம்பெயர்ச்சி. பெயர்ச்சி மிகுந்தால் தொலைவும் மிகுதி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்லோன் ஆய்வு, 2.5 மீட்டர் தொலைநோக்கியால் இப்படி இலட்சக்கணக்கான மண்டலங்களை அளந்தது. அலுமினியத் தகட்டில் மண்டலத்திற்கு ஒன்றாகத் துளையிட்டு, துளைதோறும் ஒளியிழையைக் கையாலேயே செருகினார்கள். வானியல் என்றதும் இப்படியொரு கைவேலை நம் மனத்தில் தோன்றுவதே இல்லை!

ஸ்லோன் தரவுகள் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை. அவற்றை ஆராய்ந்துதான் 2017 ஜூலையில் இந்திய ஆய்வாளர்கள் ஒரு பெருங்கொத்தை அறிவித்தனர். புனேயிலுள்ள ஐயூகா மையத்தின் ஜொய்தீப் பாக்சி, சோமக் ராய்சௌத்ரி ஆகியோருடன், கேரளத்தின் தொடுபுழா நியூமன் கல்லூரியும் இக்குழுவில் இருந்தது. சிறு நகரக் கல்லூரி ஒன்று இதில் இடம்பெற்றதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. பெருங்கொத்துக்குச் ‘சரஸ்வதி’ எனப் பெயரிட்டனர். சரஸ்வதி பூசைக்குப் பாடநூல்களை அடுக்கிய நமக்கு மறக்க முடியாத பெயர்!

மீன ராசித் திசையில், 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இது உள்ளது. இதன் அகலம் சுமார் 60 கோடி ஒளியாண்டுகள். நம் பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டுகள்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நாம் காண்பது பேரண்டத்திற்கு ஏறக்குறைய 1000 கோடி வயதானபோது இருந்த சரஸ்வதியை. இவ்வளவு பெரிய அமைப்பு அதற்குள் எப்படி உருவானது என்பதே கேள்வி. ஈர்ப்புவிசை பொருள்களைச் சேர்க்கிறது. கரும் ஆற்றலோ பேரண்டத்தின் விரிவை விரைவுபடுத்தி அவற்றைப் பிரிக்கிறது. சரஸ்வதியின் நடுப்பகுதி ஈர்ப்பால் கட்டுண்டிருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். வெளிப்பகுதிகள் விரிவோடு விலகிப் போகக்கூடும்.

இங்கேதான் புதிய சிக்கல். அரிசோனாவின் டெசி கருவியில் 5000 ஒளியிழைகளைச் சிறு இயந்திரக் கைகள் நகர்த்துகின்றன. கையால் செருகும் வேலை இல்லை. சுமார் ஒன்றரைக் கோடி மண்டலங்களையும் குவாசர்களையும் அளந்த அக்குழு, கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழந்து வரலாம் என்று 2025 மார்ச்சில் கூறியது. இது இன்னும் உறுதிப்படவில்லை. உறுதிப்பட்டால், சரஸ்வதியின் எதிர்காலக் கணக்கையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.