தரையில் விரியும் கணிதம்: ஆத்தங்குடிக் கல்லும் வகுப்பறையும்

ஏற்காடு அடிவாரத்தில் உள்ள எங்கள் பள்ளி மாணவர்களின் பெற்றோரில் பலர் கட்டட வேலைக்குச் செல்பவர்கள். டைல்ஸ் ஒட்டுபவர்களும் உண்டு. வடிவியல் பாடத்தை அந்த வேலையிலிருந்தே தொடங்கலாம் என்று எண்ணி, நம் மாநிலத்தின் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொண்டேன்.

கல்லின் கதை

ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிற்றூர். வணிகத்திற்காகக் கடல் கடந்த நகரத்தார், தம் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டுவந்தனர். ஐரோப்பியப் பூவேலைத் தளக்கற்களின் பாணியும் இங்கு வந்தது. அதை உள்ளூர் மணலைக் கொண்டு, நம் கைவினைஞர்கள் தமக்கே உரியதாக்கினர்.

இக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவர். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்வர். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பு.

செயல்பாடு 1: கால் பூ

8 செ.மீ. பக்கமுள்ள நான்கு சதுர அட்டைகளில், ஒரு மூலையில் மட்டும் ஒரே மாதிரி கால் பூ வரையச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் 90° திருப்பி, பூ மூலைகள் நடுவில் சேருமாறு வைத்தால் முழுப் பூ கிடைக்கும். சுழல் சமச்சீர் கண்முன் தெரியும்.

செயல்பாடு 2: இடைவெளி விழுமா?

ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் கூடுதல் 360°. சதுரம் நான்கு (4×90°), ஒழுங்கு அறுங்கோணம் மூன்று (3×120°) சரியாகப் பொருந்தும். ஒழுங்கு ஐங்கோணம் மூன்று வைத்தால் 324°தான். 36° இடைவெளி விழும். எண்கோணம் இரண்டு வைத்தால் 270°. மீதி 90° இடத்தில் ஒரு சதுரம் அமரும்.

செயல்பாடு 3: எத்தனை கல்?

10 அடிக்கு 12 அடி அறை; 8 அங்குலக் கல் என்றால் 15×18 = 270 கற்கள். வெட்டவே வேண்டாம். அடுத்து 10 அங்குலக் கல்லைக் கொடுத்தேன். பரப்பளவை வகுத்து 172.8 என்று கண்டு, வகுப்பே 173 என்றது. கணக்கு வேளையில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி மறுநாள், “எங்கப்பா 174 வேணும்னு சொல்றாரு டீச்சர்” என்றாள்.

கரும்பலகையில் அவளையே விளக்கச் சொன்னேன். முழுக்கல் 12×14 = 168. மீதி 4 அங்குலப் பட்டைக்கு 12 துண்டுகள். ஒரு கல்லில் இரண்டு துண்டுகளே கிடைக்கும். எனவே 6 கற்கள். எஞ்சும் 2 அங்குலத் துண்டு உதவாது. “உடையறதுக்குத் தனியா வாங்கணும்” என்றும் சேர்த்துக்கொண்டாள். அதன்பின் விடை தெரிந்தால் கை உயர்த்துகிறாள்.

பரப்பளவுச் சூத்திரம் தவறன்று. வெட்டும் துண்டை அது அறியாது. அந்த அறிவு நம் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறது. உங்கள் ஊரில் பாய் முடைபவர், கூடை பின்னுபவர், கோலமிடுபவர் யாரென்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வடிவியல் பாடத்தை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.