உயரம் முதலில், சுருதி பிறகு

மெல்லிசைக் குழுவிலோ ஸ்டுடியோவிலோ பேஸ் கிடார் வாசித்துச் சம்பாதிக்க நினைப்பவர்கள், விரல் பயிற்சியோடு தங்கள் வாத்தியத்தைத் தாங்களே செட்டப் செய்யவும் பழக வேண்டும். பேஸ் சுருதி பிசகினால் கீபோர்டும் குரலும் சேர்ந்தே பிசகுவதுபோல் கேட்கும்.

வேலையின் வரிசையை மாற்றக் கூடாது. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி சற்று ஏறுகிறது. கம்பி உயரமாக இருந்தால் ஏற்றமும் அதிகம். அதனால் உயரத்தை முடித்த பிறகே இன்டொனேஷனை, அதாவது ஃப்ரெட்டுகளில் அழுத்தும்போதும் சுருதி சரியாக நிற்பதை, தொடுங்கள்.

1. கம்பி: தேய்ந்த கம்பியில் இன்டொனேஷன் பிடிபடாது. வழக்கமாக வாசிக்கும் கனத்தில் புதுக் கம்பி மாட்டி, சுருதி சேருங்கள்.

2. நெக்: ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு 8ஆவது ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்குக் கீழே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி போதும். நெக்கின் உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியை இறுக்கினால் இடைவெளி குறையும், தளர்த்தினால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருக முடியாமல் இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

3. உயரம்: 17ஆவது ஃப்ரெட்டின் மேல் அளந்து பாருங்கள். 9.5 அங்குல ஆரமுள்ள விரல்பலகைக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு, ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. ஓங்கி வாசிப்பவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் கம்பி உரசி இரைந்தால், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை உயர்த்துங்கள். முதல் சில ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைந்தால் நெக்கை மறுபடி பாருங்கள்.

4. இன்டொனேஷன்: வாசிக்கும் நிலையில் பேஸைப் பிடித்து, ட்யூனரில் 12ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் நெக் பக்கம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திறந்த கம்பியைச் சுருதி சேர்த்தே அடுத்த சோதனை.

1951இல் வந்த முதல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் இரண்டு கம்பிக்கு ஒரே சேடில். ஒரு கம்பியைத் திருத்தினால் பக்கத்துக் கம்பி விலகும். 1957இல்தான் கம்பிக்கொரு சேடில் வந்தது. அந்த வசதி உங்கள் கையில் இருக்கிறது, முழுசாகப் பயன்படுத்துங்கள்.

ஈரக்காற்றிலும் ஏ.சி. அறையிலும் மாறி மாறி இருந்தால் நெக்கின் மரம் அசையும். பருவம் மாறும்போதும், கம்பியின் கனத்தை மாற்றும்போதும் நெக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ரெக்கார்டிங்குக்கு முந்தைய நாளே முடித்துவிட்டால், மறுநாள் உங்கள் கவனம் முழுவதும் பாட்டிலேயே இருக்கும்.