ஆங்கிலத் தொடரில் வேற்றுமை

நம் கல்லூரிகளில் பயிலும் மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ். பகுதி இரண்டு ஆங்கிலம். முன்னதில் நன்மதிப்பெண் பெறும் மாணவர் பலர் பின்னதில் இடறுகின்றனர். தமிழ்வழியில் பயின்றமையே இதற்குக் காரணம் என்பார் உளர். இக்கூற்றை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. மாணவர்தம் பிழைகளைக் கூர்ந்து நோக்கின், அவற்றுள் பல அறியாமையால் விளைந்தன அல்ல என்பதும், தமிழிலக்கண நெறியை ஆங்கிலத்தின்மேல் ஏற்றியதால் விளைந்தன என்பதும் புலனாகும். அங்ஙனமாயின் அப்பிழைகளைக் களையும் வழியும் தமிழிலக்கணத்திலேயே உண்டு. ஆங்கிலப் பெயரடைகள் முன்னிடைச்சொற்களோடும் மூவிடப்பெயர்களோடும் சேரும் முறையை எடுத்துக்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

சொல் அமையும் இடம்

குட், ஆங்கிரி, ஃபேமஸ் போல்வன பெயரடைகள். ஆஃப், டு, ஃபார், அட், வித், ஃபிரம் போல்வன முன்னிடைச்சொற்கள். ஐ, யூ, ஹீ போல்வன மூவிடப்பெயர்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின் நிற்கும். ஆங்கிலத்தில் அப்பணியைச் செய்யும் சொல் பெயரின் முன் நிற்கும். கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளின் தனித்தன்மைகளுள் ஒன்றாக இதனைச் சுட்டியுள்ளார். இடம் மாறினும் தொழில் ஒன்றே. காஞ்சிப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் பிணைப்பது கோர்வை. பெயரடையையும் மூவிடப்பெயரையும் முன்னிடைச்சொல் பிணைப்பதும் அத்தகையதே.

எச்சொல் எதனை வேண்டும்?

தமிழில் ‘பார்த்தான்’ என்னும் சொல் ‘அவனை’ என இரண்டாம் வேற்றுமையை வேண்டும். ‘கொடுத்தான்’ என்பது ‘அவனுக்கு’ என நான்காவதனை வேண்டும். ‘பேசினான்’ என்பது ‘அவனோடு’ என மூன்றாவதனை வேண்டும். எவ்வுருபு வருதல் வேண்டும் என்பதை முடிக்கும் சொல்லே தீர்மானிக்கிறது. ஆங்கிலப் பெயரடையும் இவ்வாறே தனக்குரிய முன்னிடைச்சொல்லைத் தானே தேர்ந்துகொள்கிறது.

சில இடங்களில் இருமொழியும் ஒத்துச் செல்லும். ‘காஞ்சி பட்டுக்குப் பெயர்பெற்றது’ என்பதில் வரும் நான்காம் உருபுக்கு நேராக ‘ஃபேமஸ் ஃபார்’ என்று ஆங்கிலம் கூறும். ‘நெய்தலில் வல்லவர்’ என்னும் ஏழாம் உருபுக்கு நேராகக் ‘குட் அட்’ வரும். ‘பட்டு பருத்தியினின்று வேறானது’ என்னும் ஐந்தாம் வேற்றுமை நீங்கற்பொருளுக்கு நேராக ‘டிஃபரன்ட் ஃபிரம்’ வரும். இவ்விடங்களில் நம் மாணவர் பெரும்பாலும் பிழை செய்வதில்லை.

ஒவ்வாத இடங்களிலேயே இடர் விளைகிறது. ‘என்மேல் கோபம்’ என்பதை அடியொற்றி ‘ஆங்கிரி ஆன் மீ’ என எழுதுகின்றனர். ஆங்கில வழக்கு ‘ஆங்கிரி வித் மீ’ என்பதாகும். ‘அவனோடு மணம்’ என்பதை நினைந்து ‘மேரீட் வித் ஹிம்’ என்கின்றனர். ‘மேரீட் டு ஹிம்’ என்பதே மரபு. ‘என்னைவிட இளையவர்’ என்பதைப் பின்பற்றி ‘ஜூனியர் தேன் மீ’ என்கின்றனர். ‘ஜூனியர் டு மீ’ என்றல் வேண்டும். இவை மூன்றும் தமிழில் பிழையற்ற சிந்தனைகளே என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

அச்சப்பொருளின் வேற்றுமை

‘அவனுக்கு அஞ்சினேன்’ என்பது இக்காலத் தமிழ். இதனைக் கொண்டு ‘அஃப்ரெய்ட் டு ஹிம்’ என எழுதுவோர் உளர். சரியான வடிவம் ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஹிம்’ என்பது. இங்கு ‘ஆஃப்’ ஏன் வந்தது? தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் அச்சப்பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் உரியன என்கிறார். ‘புலியை அஞ்சும்’ எனவும் ‘புலியின் அஞ்சும்’ எனவும் வரும். அச்சம் புலியினின்று பிறத்தலின் ஐந்தாவது பொருந்திற்று. அரபு மொழியிலும் அஞ்சுதலைக் குறிக்கும் வினையோடு ‘இருந்து’ எனப் பொருள்படும் ‘மின்’ என்னும் இடைச்சொல் வரும். உருதுவில் ‘ஸே’ என்னும் உருபு வரும். அதற்கும் நீங்கற்பொருள் உண்டு. ஆங்கில ‘ஆஃப்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் ‘விலகி, இருந்து’ என்னும் பொருளையே தந்தது. இன்று உடைமைப்பொருளில் அது மிகுதியாக வழங்குவதால் பழம்பொருள் மறைந்து தோன்றுகிறது. தொல்காப்பியத்தை ஓதிய மாணவர்க்கு ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ புதிதன்று.

ஒரு பெயரடை, பல பொருள்

ஒரே பெயரடை முன்னிடைச்சொல் மாறப் பொருளும் மாறும். ‘குட் ஃபார் ஹிம்’ எனின் அவனுக்கு நன்மை தருவது. இது நான்காம் வேற்றுமைப் பொருள். ‘குட் ஆஃப் ஹிம்’ எனின் அச்செயல் அவனுடைய நற்பண்பு. இது ஆறாம் வேற்றுமையின் தற்கிழமைப் பொருள். ‘குட் டு ஹிம்’ எனின் அவனிடம் நல்லவராய் நடந்துகொண்டார் என்பது.

மாறாக, தமிழ் ஓர் உருபால் கூறுவதை ஆங்கிலம் பிரித்துக் கூறுவதும் உண்டு. பட்டுக் கூட்டுறவுச் சங்கமொன்றில் பணியாற்றுபவர் ‘சங்கத்துக்கும் பொறுப்பு, சரிகைக்கும் பொறுப்பு’ எனலாம். ஆங்கிலத்தில் விடை சொல்லவேண்டிய இடத்துக்கு ‘ரெஸ்பான்சிபிள் டு’. காக்கவேண்டிய பொருளுக்கு ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’. ‘டு’ வரவேண்டிய இடத்தில் ‘ஃபார்’ எழுதினால், சங்கத்திற்குக் கணக்குக் காட்டவேண்டியவர் சங்கம் முழுவதையும் தம் பொறுப்பில் வைத்திருப்பவராகிவிடுவார். வேலை வேண்டி எழுதும் விண்ணப்பத்திலும் வணிகக் கடிதத்திலும் இச்சிறு சொல் மதிப்பெண்ணை மட்டுமன்று, பொருளையே மாற்றிவிடும்.

பெயர் திரியும் முறை

முன்னிடைச்சொல்லை அடுத்து வரும் மூவிடப்பெயர் வடிவு திரியும். ஐ, மீ ஆகும். ஹீ, ஹிம் ஆகும். ஷீ, ஹெர் ஆகும். வீ, அஸ் ஆகும். தே, தெம் ஆகும். யூ, இட் ஆகியன திரியா. இதுவும் நமக்குப் பழகியதே. உருபு ஏற்குங்கால் ‘யான்’ என்பது ‘என்’ எனவும், ‘தான்’ என்பது ‘தன்’ எனவும் திரிவதைத் தொல்காப்பிய உருபியல் கூறும். ‘அவன்’ திரியாது நிற்கும்.

இரு பெயர்கள் இணைந்து வரும்போது மாணவர் ‘குட் ஃபார் யூ அண்ட் ஐ’ என எழுதிவிடுகின்றனர். இதனைத் தமிழால் சோதிக்கலாம். ‘உனக்கும் எனக்கும் நல்லது’ என்போமேயன்றி ‘உனக்கும் நானும் நல்லது’ என்போமா? ஆகவே ‘யூ அண்ட் மீ’ என்பதே சரி.

முன்னிடைச்சொல்லின்பின் வினை வரவேண்டின் அது தொழிற்பெயராக வரும். ‘நெய்ய’ என்னும் எச்சம் உருபு ஏலாது. ‘நெய்தல்’ என்னும் தொழிற்பெயர் ஏற்கும். அதுபோலவே ‘குட் அட் வீவ்’ என்பது வழு. ‘குட் அட் வீவிங்’ என்பது வழாநிலை.

பயிற்சி முறை

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று. பெயரடையைத் தனியே மனப்பாடம் செய்தல் வீண். அதனை அதற்குரிய முன்னிடைச்சொல்லோடும் ஒரு மூவிடப்பெயரோடும் சேர்த்தே கற்றல் வேண்டும். ஓர் ஏட்டை இரு பகுதியாக வகுத்து, இடப்பக்கம் ‘ஆங்கிரி வித் ஹிம்’ என ஆங்கிலத் தொடரும், வலப்பக்கம் ‘அவன்மேல் கோபம்’ எனத் தமிழ்த் தொடரும் எழுதுக. உருபு ஒத்துவரின் அப்படியே விடுக; ஒவ்வாதாயின் அடிக்கோடிடுக. நாள்தோறும் ஐந்து தொடர் எழுதினால் ஒரு திங்களில் நூற்றைம்பது தொடர்கள் சேரும். அடிக்கோடிட்டவற்றை மட்டும் மீள ஓதினால் போதும்.

அறிஞர் அண்ணா 1909ஆம் ஆண்டு இக்காஞ்சியில் பிறந்தவர், நெசவாளர் குடும்பத்தினர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே நாவன்மை பெற்று மாநிலங்களவையிலும் முழங்கினார். தமிழைக் கற்றது அவர்தம் ஆங்கிலத்திற்குத் தடையாகவில்லை. தறி ஒலி கேட்டு வளரும் இன்றைய மாணவர்க்கும் அது தடையாகாது. வேற்றுமையைச் செவ்வனே கற்ற மாணவர் ஆங்கில வகுப்பில் வெறுங்கையோடு அமர்வதில்லை. அளவுகோல் ஒன்றை உடன்கொண்டே அமர்கின்றனர். அதனைப் பயன்படுத்தக் கற்பித்தல் தமிழாசிரியர்க்கும் ஆங்கில ஆசிரியர்க்கும் பொதுவான கடமையாகும்.