நடுவில் வரும் ஆறு வருஷம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. தென்னாப்பிரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில் கான்ஸ்டான்ஷியா திராட்சைப் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் கம்பத்தில் தாத்தாவின் திராட்சைத் தோட்டத்தை மறுபடி எழுப்பப் போகிறேன் என்கிறாய். பந்தல் சரிந்து கல்தூண் மட்டும் நிற்கிற அந்த நிலத்தை வைத்துக் கடன் கேட்கவும் யோசனையாம். உன் அம்மா போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கணக்குதான் வந்தது.

நீ பார்த்த க்ளைன் கான்ஸ்டான்ஷியாவை டக்கி ஜூஸ்ட் வாங்கியது 1980-இல். அப்போது அது கவனிப்பாரற்றுக் கிடந்த பண்ணை. 'வான் டி கான்ஸ்டன்ஸ்' என்ற இனிப்பு ஒயினுக்கு முதல் பழம் பறித்தது 1986-இல். பிறகு பீப்பாயில் சில வருஷம் ஊற வேண்டும். அத்தனை நாளும் அந்த ஒயினுக்கு ஆள் கூலி, மருந்து, கம்பி, கட்டடம் என்று செலவு மட்டும். ஜூஸ்ட் மது வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, தாங்கினார். நீ வங்கிக்கு முதல் தவணையை எந்தப் பழத்தை விற்றுக் கட்டுவாய்?

இன்னொன்றையும் நீ கவனித்திருக்க மாட்டாய். அந்தப் பண்ணைக்குப் பேர் வாங்கித் தந்தது இனிப்பு ஒயின், சோறு போட்டது அது மட்டுமல்ல. பறித்த சில மாதத்திலேயே புட்டியில் ஏறிக் காசாகிற சாவின்யான் பிளாங்கையும் கூடவே நட்டார்கள். நம் ஊரில் தென்னை நட்டவன் காய்ப்புக்கு வரும்வரை ஊடே வாழை போடுகிறானே, அதே புத்தி. நீ என்ன ஊடுபயிர் போடப் போகிறாய் என்று ஒரு வரி எழுதவில்லை.

நானும் இலாகா வேலையாக ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன். மலைச்சரிவில் நின்றால் தெற்கே ஃபால்ஸ் பே கடல். வெயில் ஏறும்போதே கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று வந்து கொடிகளைக் குளிரவைக்கும். குலையில் பாதிப் பழம் சுருங்கிக் காய்ந்த திராட்சை மாதிரி தொங்கியது. நம் ஊர் வியாபாரி பார்த்தால் ஒதுக்கிவிடுவார். அவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். ஒரே தோட்டத்தில் பல தடவை இறங்கி, பதமானதை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கிறார்கள். அது மஸ்கட் ஜாதி. நம் பன்னீர் திராட்சைக்குப் பாட்டி முறை, வாசனையிலேயே உறவு தெரிந்துவிட்டது. ஒரு வாய் குடித்தும் பார்த்தேன், ஆரஞ்சுத் தோலும் தேனும் கலந்தாற்போல. உன் அத்தையிடம் சொல்லிவிடாதே.

"தாத்தாதான் தோட்டத்தைத் தொலைத்தார்" என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கு வலித்தது. கான்ஸ்டான்ஷியாவை யார் தொலைத்தார்கள்? 1685-இல் சைமன் வான் டெர் ஸ்டெல் பெற்ற நிலம். 1778-இல் ஹென்ட்ரிக் க்ளூட்டா வாங்கிப் பேரெடுக்க வைத்தார். செயின்ட் ஹெலினாவில் காவலில் இருந்த நெப்போலியனுக்குக் கான்ஸ்டான்ஷியா ஒயின் புட்டி போனது. ஜேன் ஆஸ்டின் தன் நாவலில் மனசு உடைந்த பெண்ணுக்கு மருந்தாக அதையே கொண்டுவந்து வைத்தார். அப்பேர்ப்பட்ட தோட்டத்துக்கு 1859 வாக்கில் சாம்பல் நோய் வந்தது. 1860-இல் பிரிட்டன் பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு பிரெஞ்சு ஒயினுக்கு வரியைக் குறைத்தது, தென்னாப்பிரிக்கக் கேப் ஒயினுக்கு லண்டன் சந்தை போயிற்று. க்ளூட்டா வாங்கிய அந்தப் பண்ணை, க்ரூட் கான்ஸ்டான்ஷியா, கடனில் விழுந்து 1885-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அடுத்த வருஷம் வேரைத் தின்னும் ஃபைலாக்ஸெரா பூச்சி கேப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய், வரி, கடன், பூச்சி எல்லாம் வரிசையில் நின்று அடித்தன. உன் தாத்தாவுக்கும் அடிச்சாம்பல் நோய் ஒரு வருஷம், விலை இல்லாத வருஷம் ரெண்டு, உன் சித்தி கல்யாணம் ஒன்று.

அங்கே உனக்குக் காட்டிய வெள்ளைச் சுவர் மாளிகையை யார் கட்டினார்கள் என்று கேட்டாயா? டச்சுக் கம்பெனி கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன அடிமைகளின் உழைப்பு அது. வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் போனவர்கள் உண்டு. பிடித்து ஏற்றிய கரையின் பேரே அவர்களுக்குப் பின்பேராக ஒட்டிக்கொண்டது. வங்காளத்து அடிமைப் பெண் ஆன்சலாவின் மகள் அன்னா டி கோனிங், கணவர் இறந்தபின் 1724-இலிருந்து பத்து வருஷம் க்ரூட் கான்ஸ்டான்ஷியாவுக்கே சொந்தக்காரியாக இருந்தார். மற்றவர்களுக்குப் பழைய பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சினால் அதிகம்.

நாமும் 'தாத்தா தோட்டம்' என்கிறோம். என் அப்பா கவாத்துக் கத்தியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் கவாத்து வெட்டியவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், வாய்க்கால் மேட்டில் மகள் வீட்டில். கண் மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. வடகோடியில் ரெண்டு வரிசையில் மழைக்குத் தண்ணீர் தேங்கும் என்பதும், எந்தக் கொடி எந்தத் தோட்டத்துக் குச்சி என்பதும் அவருக்குத்தான் தெரியும். வங்கிக்குப் போவதற்கு முந்தின நாள் அவரைப் போய்ப் பார். வெற்றிலை வாங்கிப் போ, கொட்டைப்பாக்கு வேண்டாம், சீவல் போதும். பல் இல்லை.

அன்புடன்,
மாமா