இறால் ஓடே மீனுக்குக் கவசம்!

‘இப்பதான் தூத்துக்குடியிலருந்து வந்துச்சு, செவுளைப் பாருங்கம்மா!’ என்றதும் பாளையங்கோட்டையில் நாம் நம்பி வாங்கிவிடுகிறோம். சுமார் 50 கிலோமீட்டர் தூரம்தானே என்று நினைப்பு. ஐஸ் இல்லாமல் வந்தால் அந்தத் தூரமே போதும், மீன் கெட!

கொதிக்க வைத்தாலும் போகாது

சூரை, சாளை, கானாங்கெளுத்தி மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும். அரிப்பு, தலைவலி, படபடப்பு, வாந்தி வரலாம். ‘நல்லா கொதிக்க வெச்சேனே!’ என்று சொல்லிப் பலனில்லை. கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குப்பையில் கிடைத்த காவலன்

நாம் உரித்துப் போடும் இறால் ஓட்டில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதைக் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். இதை வினிகர் போன்ற லேசான அமிலத்தில் கரைத்து, மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் தயார். கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கைட்டோசான் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

படலம் எப்படி வேலை செய்கிறது? கைட்டோசானில் நேர் மின்னேற்றம். பாக்டீரியாவின் மேலுறையில் எதிர் மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்ள, உறை சிதைந்து கிருமி பலவீனமாகிறது. கிராம்பு, பட்டை எண்ணெய் சேர்த்தால் இன்னும் பலம். மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், இது நமக்குத் தேவையான சங்கதிதான்.

குறையே இல்லையா? உண்டு. ஈரம் பட்டால் இளகும். விலையும் பிளாஸ்டிக்கை விட அதிகம். கிருமி பெருகுவதைத் தள்ளிப்போடுமே தவிர, ஏற்கெனவே உருவான ஹிஸ்டமினை நீக்காது. ஐஸுக்கு இது துணை மட்டுமே.

இல்லத்தரசிகள் கவனத்துக்கு

* மற்ற சாமான்களை வாங்கிவிட்டு, மீனைக் கடைசியாக வாங்குங்கள். ஐஸோடு கொண்டு வாருங்கள்.

* கண் பளிச்சென்று, செவுள் சிவப்பாக, சதை அழுத்தினால் எழும்ப வேண்டும்.

* ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வைத்து, ஓரிரு நாளில் சமைத்துவிடுங்கள்.

* இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கைட்டோசான் உறையிட்ட பாக்கெட்டை டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

எந்த உறையில் வந்தாலும், நாற்றம் தட்டினால் தயங்காமல் தள்ளிவிடுங்கள். காசு போனால் போகட்டும்!