கல்வராயன் மலையில் கூடாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கல்வராயன் மலைக்கு வருகிறவர்களில் பலர் காலையில் ஏறி, பெரியார் அருவியில் குளித்து, கரியாலூரில் படகு விட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ராத்திரி தங்கினால்தான் மலை பிடிபடும். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் கணக்கில் கிளம்பி வராதீர்கள். கடை, வெளிச்சம், செல்போன் டவர் மூன்றையும் நம்ப முடியாது. கூடாரத்தை எங்கே அடிக்கிறோம், யாரைக் கேட்டு அடிக்கிறோம் என்பதில்தான் பயணமே இருக்கிறது.

முதலில் மாதம்

தை, மாசிதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், ராத்திரி குளிரில் பல் கிட்டும். மாசிக் கடைசியிலிருந்தே காடு காய்ந்து தீப்பிடிக்கும் பருவம் தொடங்கிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் உயிரைக் கொண்டுபோனது இப்படிப்பட்ட காட்டுத்தீதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் கோமுகி அணைச் செய்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள். மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம், மாயம்பாடி ஓடைகள் வழியாக அந்த அணைக்குத்தான் வருகிறது. அணையின் முழு உயரம் 46 அடி. உபரி நீரைத் திறந்துவிட்டார்கள் என்று படித்தால் அருவிப் பக்கம் போகும் திட்டத்தை அன்றே கைவிடுங்கள்.

இடம்: காடு வேண்டாம், களம் போதும்

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். மரம் அடர்ந்த இடமாகப் பார்த்துக் கூடாரம் போட ஆசைப்படுவார்கள். அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டுக்குள் நடக்க வேண்டுமானால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். ‘தெரிந்த பையன் கூட்டிப்போவான்’ என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

கூடாரத்துக்கு ஏற்றது ஊரை ஒட்டிய பட்டா நிலம். அதிலும் அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் களம் கிடைத்தால் விடாதீர்கள். தரை கெட்டிப்பட்டு, சமமாக, புல் பூண்டு இல்லாமல் இருக்கும். பாம்பு வந்தாலும் கண்ணில் படும். செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் கால் வையுங்கள். பாறைக்களமாக இருந்தால் முளை இறங்காது. கயிற்றைத் தலையளவு கல்லில் கட்டி நாலு பக்கமும் இழுத்து வைத்தால் காற்றுக்குத் தாங்கும்.

மரவள்ளி பிடுங்கிய நிலம் தூரத்திலிருந்து பார்க்க மெத்தை மாதிரி தெரியும். போய் உட்கார்ந்தால்தான் தெரியும்: பார் பாராக மேடு பள்ளம், நடுநடுவே வெட்டிய குச்சிகளின் கூர் முனை. கூடாரத்தின் அடித்துணி ஒரே ராத்திரியில் கிழிந்துபோகும்.

ஓடைப் படுகை கூடவே கூடாது. மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி. மேலே எங்கோ பெய்த மழை இங்கே சொல்லாமல் வரும்.

ஊரில் கேட்பது

பகல் வெளிச்சத்தில் ஊருக்குள் போய், ஊர்க் கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், யார் என்று விசாரியுங்கள். “ஐயா, ஒரு ராத்திரி தங்கிட்டுக் காலைல கெளம்பிடுவோம், களத்துல எடம் கெடைக்குமா?” என்று கேட்டால் போதும். இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நிலம் யாருடையது, என்ன விலை போகும் என்றெல்லாம் கேட்டுவைக்காதீர்கள். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நிலத்தைப் பற்றி விசாரிக்கும் வெளியாள்மேல் சந்தேகம் வருவது நியாயம்தான்.

சாராயமும் கேட்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதனால் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள்.

வழியும் மூட்டையும்

ரயிலில் வந்தால் சின்னசேலத்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு பஸ். அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறலாம். மலைக்கு பஸ் உண்டு, அடிக்கடி கிடையாது. சங்கராபுரம் பக்கமிருந்தும், சேலம் மாவட்டக் கருமந்துறை வழியாகவும் பாதை இருக்கிறது. முதல் தடவைக்குக் கச்சிராயபாளையம் வழியே போதும். பணத்தைக் கள்ளக்குறிச்சியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையில் தார்ப்பாய் ஒன்று, போர்வை, ஆளுக்கொரு டார்ச், நைலான் கயிறு, தீப்பெட்டி, தண்ணீர் கேன். கூடாரம் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஜிப் சரியாக மூடினால் சரி. ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சென்ட்டும் வேண்டாம், மலைத்தேனீ அந்த வாசனைக்குச் சீறும்.

அடுப்பும் ராத்திரியும்

சமையல் என்று பெரிதாக இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம். முடிந்தால் ஊரிலேயே ஒரு வீட்டில் காசு கொடுத்துச் சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ சொல்லிவையுங்கள். ரொட்டியும் நூடுல்ஸும் தின்னவா இவ்வளவு தூரம் வந்தோம்? டீ போட மூன்று கல் அடுப்பு போதும். நிலத்துக்காரர் காட்டும் இடத்தில், சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு மூட்டுங்கள். படுக்கும்முன் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக்கூடாது.

சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கரடி உள்ள மலை இது. இருட்டில் தனியாக ஒதுங்கப் போக வேண்டாம். டார்ச்சோடு இருவராகப் போங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டு மாட்டுங்கள். புல்லில் வெறும் உடம்போடு படுத்தால் ஸ்க்ரப் டைபஸ் பரப்பும் பூச்சி கடிக்கலாம். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலையில் தங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க வைக்காதீர்கள். கடிபட்டவரை வண்டியில் கிடத்திக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டவர் கிடைத்தால் 108. இதற்காகவே சொந்த வண்டியோ, ஊரில் வண்டி வைத்திருப்பவரின் பழக்கமோ வேண்டும்.

அருவி

பெரியார் அருவி வெள்ளிமலைச் சாலையை ஒட்டியே இருப்பதால் சிரமமில்லை. மேகம் அருவிக்கு நடக்க வேண்டும். உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். அருவி விழும் குழியில் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஆபத்துதான். பாசி படிந்த பாறையில் செல்ஃபி எடுக்க ஏறுகிறவரைக் கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள்.

கிளம்பும்போது

குப்பையை மூட்டை கட்டி உங்களோடு கீழே கொண்டுவாருங்கள். மேலே அதை அள்ள வண்டி வராது. களத்துக்காரர் காசு வேண்டாம் என்பார், ஏதாவது ஒரு வகையில் கொடுத்துவிட்டு வாருங்கள். சாமை, தேன், புளி, கடுக்காய் எது வேண்டுமானாலும் விளைவித்தவர், சேகரித்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.